யூரர் தீர்ப்பும் ஊரார் தீர்ப்பும்

நீதிமன்றம் வழங்கும் தீர்ப்பு ஒன்று; ஊர் வழங்கும் தீர்ப்பு மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்துச் செல்லும்வரை அவற்றை எவரும் வேறுபிரித்து நோக்குவதில்லை. அவை முரண்படும் காலத்திலேயே நீதியாவது யாது, அதனைக் கூறும் உரிமை எவருக்கு உண்டு என்னும் வினாக்கள் எழுகின்றன. தமிழருக்கு இவ்வினா புதியதன்று. பாண்டியன் ஆராயாது அளித்த தீர்ப்பைத் தனியளாய் நின்று எதிர்த்த கண்ணகியின் கதையைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அவள் கண்ணீர் அவையை உருக்கியிருக்கலாம். ஆயின் வழக்கை வென்றது கண்ணீரன்று. உடைத்துக் காட்டிய சிலம்பிலிருந்து தெறித்த மணியே. உணர்ச்சி வேறு, சான்று வேறு என்பதை அக்காட்சி என்றும் நினைவூட்டி நிற்கின்றது.

இவ்வேறுபாட்டை அண்மைக்கால வரலாற்றில் நன்கு விளக்குவது, 1959ஆம் ஆண்டு பம்பாயில் நிகழ்ந்த நானாவதி வழக்காகும். யூரர் ஒன்பதின்மருள் எண்மர் 'குற்றவாளி அல்லர்' என்றனர். ஊர் அதனைக் கொண்டாடியது. விசாரித்த நீதிபதியோ அதனை ஏற்க மறுத்தார். பொதுவாக யூரர் தீர்ப்பொன்று பூசலுக்குரியதாகும்போது, வெகுண்டெழுவோர் பொதுமக்களாகவும் அதனைக் காத்து நிற்பது நீதிமன்றமாகவும் இருத்தல் இயல்பு. இவ்வழக்கில் அம்முறை தலைகீழாயிற்று. ஆதலின் இதனை ஆராய்தல் சட்டம் பயில்வோர்க்கேயன்றி ஏனையோர்க்கும் பயனுடைத்து.

வழக்கின் வரலாறு

கவாஸ் மானெக்‌ஷா நானாவதி இந்தியக் கடற்படையில் கமாண்டர் பதவி வகித்தவர், 'மைசூர்' என்னும் போர்க்கப்பலில் பணியாற்றியவர், பார்சி வகுப்பினர். 1949ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் ஆங்கில மங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கள் மூவர். கடற்படை அதிகாரிக்கு இயல்பாகிய நெடும்பிரிவுகளிடையே அவர் மனைவிக்கும் பிரேம் அகுஜா என்னும் சிந்தி வணிகருக்கும் தொடர்பு ஏற்பட்டது. 1959ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் தேதி அதனை மனைவியே கணவனிடம் ஒப்புக்கொண்டார்.

அன்று பிற்பகல் நிகழ்ந்தவற்றின் பெரும்பகுதி இருதிறத்தாராலும் மறுக்கப்படாதது. நானாவதி மனைவியையும் பிள்ளைகளையும் மோட்டார் வண்டியில் ஏற்றிச் சென்று ஒரு படமாளிகையில் இறக்கிவிட்டார். பின்னர்த் தம் கப்பலுக்குச் சென்றார். இரவில் தனியே நெடுவழி செல்லவேண்டியிருப்பதாகப் பொய்க்காரணம் கூறி, ஒரு கைத்துப்பாக்கியையும் ஆறு தோட்டாக்களையும் பெற்று, அவற்றை ஒரு கடித உறைக்குள் வைத்துக்கொண்டார். அகுஜாவின் வணிகநிலையத்தில் அவரைக் காணாமையால் அவர் வீட்டிற்குச் சென்றார். படுக்கையறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். தம் மனைவியை மணந்து பிள்ளைகளையும் பேணுவாரோ என்று வினவியதாகவும், அகுஜா இழிவான மறுமொழி பகர்ந்ததாகவும் நானாவதி பின்னர்க் கூறினார். சிறிது பொழுதில் துப்பாக்கி வெடித்தது. குளித்து முடித்து இடையிற் துவாயுடன் நின்ற அகுஜா குண்டுபட்டு மாண்டார். நானாவதி அங்கிருந்து வெளியேறித் தாமாகவே பொலிசாரிடம் சரணடைந்தார்.

மூடிய கதவுக்குப் பின்னால் நிகழ்ந்த அச்சிறு பொழுதே வழக்கின் உயிர்நிலை. அதனை அறிந்தவர் இருவர். அவருள் ஒருவர் இறந்துபட்டார்.

யூரர் முன் நின்ற வினா

இங்குச் சட்டத்தின் கூறுபாடு ஒன்றைத் தெளிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைக் கோவை மனித உயிர் போக்குதலை ஒரே குற்றமாகக் கொள்ளவில்லை. கருதிச் செய்யும் கொலை ஒன்று. கடுமையும் திடீர்த்தன்மையும் உடைய சினமூட்டலால் தன்னடக்கம் இழந்தவன் அந்நிலையிற் செய்தது, கொலையாகாத குற்றமுடைய மனிதக்கொலை எனப்படும். அதற்குத் தண்டனை குறைவு. சட்டத்துக்கு அமைந்த ஒரு செயலை, உரிய கவனத்துடன் செய்துகொண்டிருக்கையில், குற்ற எண்ணம் எதுவுமின்றி விபத்தாக நேர்ந்த மரணம் குற்றமே அன்று. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைக் கோவை இந்தியக் கோவையைத் தழுவி எழுந்ததாதலின், இப்பாகுபாடு இலங்கையர்க்கும் பழக்கமானதே.

நானாவதியின் சார்பில் யூரர் முன் வைக்கப்பட்ட எதிர்வாதம் யாது? தம் மானத்தைக் காக்கவே சுட்டார் என்பதன்று. சினத்தால் அறிவிழந்து சுட்டார் என்பதுங்கூட அவர் கூற்றன்று. உறையிலிருந்த துப்பாக்கியை அகுஜா பற்ற முயன்றார், இருவரும் மற்போரிட்டனர், அப்போராட்டத்தில் துப்பாக்கி தானே வெடித்தது என்பதே அவர் கூற்று. அஃதாவது, இது விபத்து என்பது. வழக்குத்தொடுநர் இதனை மறுத்து, மற்போர் நிகழ்ந்திருப்பின் இறந்தவர் இடையிலிருந்த துவாய் அவிழாது நின்றமை எங்ஙனம் என வினவினர்.

இவற்றைக் கேட்ட யூரர் ஒன்பதின்மருள் எண்மர், நானாவதி கொலைக் குற்றவாளியும் அல்லர், குறைந்த குற்றமாகிய மனிதக்கொலைக் குற்றவாளியும் அல்லர் எனத் தீர்ப்பளித்தனர். ஒருவர் மட்டுமே வேறுபட்டார். இத்தீர்ப்பின் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். சினமூட்டல் என்னும் வாதத்தை யூரர் ஏற்றிருப்பின், குறைந்த குற்றத்துக்கேனும் அவரைக் குற்றவாளி எனக் கண்டிருத்தல் வேண்டும். முழு விடுதலைக்குச் சட்டம் திறந்துவைத்த வாயில், விபத்து என்னும் வாதமும் அதனால் எழும் நியாயமான ஐயமுமே.

ஊரார் கொண்டாட்டம்

நீதிமன்றத்துக்கு வெளியே வேறொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஆர். கே. கரஞ்சியா ஆசிரியராயிருந்த 'பிளிட்ஸ்' என்னும் கிழமை இதழ் நானாவதியின் பக்கம் நின்று, ஒவ்வொரு கிழமையும் வழக்கைத் தொடர்கதைபோல் வெளியிட்டது. கால் ரூபா விலையுள்ள அவ்விதழ் இரண்டு ரூபாவுக்கும் விலைபோயிற்று என்பர். வீரமும் ஒழுக்கமும் ஒருங்கமைந்த கடற்படை வீரன் ஒருபுறம். பிறர்மனை நயக்கும் செல்வச் சிற்றின்பன் மற்றொருபுறம். இடையே வழுவி வருந்தும் பேதைப் பெண். இதிகாசப் பாத்திரங்கள்போல் மூவரும் வகுக்கப்பட்டனர். நீதிமன்ற வாயிலிற் கூட்டம் நெரிந்தது. நானாவதியின் பெயரால் விளையாட்டுத் துப்பாக்கிகளும் அகுஜாவின் பெயரால் துவாய்களும் தெருவில் விற்கப்பட்டன என்றும் அக்காலத்துச் செய்திகள் கூறும். பார்சி வகுப்பினர் பெருந்திரளாகக் கூடி நானாவதிக்கு ஆதரவு தெரிவித்தனர். சிந்தி வகுப்பினர் பலர் இறந்தவர்க்கு நீதி வேண்டினர்.

இக்கொண்டாட்டத்தின் உள்ளே ஒரு முரண் மறைந்து கிடக்கின்றது. ஊரார் நானாவதியைப் போற்றியது எதன்பொருட்டு? தம் இல்லத்தின் மானத்தைக் குலைத்தவனைத் தண்டித்த ஆண்மையின் பொருட்டு. நானாவதியோ நீதிமன்றத்தில், தாம் அவனைத் தண்டிக்கவில்லை. துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்றார். அவர் கூற்று மெய்யாயின் போற்றுதற்குரிய வஞ்சினம் எதுவும் நிகழவில்லை. ஊரார் நம்பியது மெய்யாயின், அவர் குறைந்த அளவில் மனிதக்கொலைக் குற்றவாளி ஆவார். அவர் கூறிய எதிர்வாதமும் பொய்யாகும். இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. தாம் செய்யவில்லை என்று எவர் மறுத்தாரோ, அவரை அச்செயலைச் செய்தமைக்காகவே ஊர் விடுதலை செய்தது! யூரர் தீர்ப்பும் ஊரார் தீர்ப்பும் ஒரே சொல்லில் அமைந்தன. ஆயின் அவை விடையிறுத்த வினாக்கள் வெவ்வேறு.

இக்குழப்பம் எழுந்தமைக்குக் காரணம் பொதுமக்களின் அறியாமை மட்டுமன்று. யூரர் தீர்ப்பின் இயல்பே அதற்கு இடந்தருவது. நீதிபதி தம் தீர்ப்புக்குக் காரணம் எழுதக் கடமைப்பட்டவர். யூரரோ ஒரு சொல்லோடு அமைபவர். ஏன் அங்ஙனம் கண்டனர் என்பதைக் கூறுவதில்லை. அவர் மௌனமாகிய வெற்றிடத்தை ஒவ்வொருவரும் தத்தம் காரணங்களால் நிரப்பிக்கொள்கின்றனர். தீர்ப்பை விரும்பியோர் 'மானம் வென்றது' என்றனர். வெறுத்தோர் 'யூரர் பத்திரிகைக்கு மயங்கினர்' என்றனர். எண்மரின் உள்ளத்தில் உண்மையில் இருந்தது யாது என்பதற்கு இருசாராரிடமும் சான்றில்லை.

நீதிபதியின் மறுப்பு

பிரித்தானியச் சட்டமரபில் யூரர் ஒருவரைக் குற்றவாளி அல்லர் என விடுவித்தால் வழக்கு அவ்வளவில் முடிவுறும். 1898ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடைமுறைக் கோவையோ வேறொரு வழி வகுத்திருந்தது. அதன் 307ஆம் பிரிவின்படி, யூரர் தீர்ப்போடு உடன்படாத செஷன்ஸ் நீதிபதி, நீதியின்பொருட்டு அவ்வாறு செய்தல் இன்றியமையாதது எனத் தெளிவாகக் கருதுவாராயின், வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். உயர் நீதிமன்றம் சான்றுகள் அனைத்தையும் ஆராய்ந்து, நீதிபதியின் கருத்துக்கும் யூரரின் கருத்துக்கும் உரிய மதிப்பளித்து, விடுவிக்கவோ தண்டிக்கவோ அதிகாரமுடையது.

விசாரித்த நீதிபதி ஆர். பி. மேத்தா இவ்வதிகாரத்தைப் பயன்படுத்தினார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஷெலத்தும் நீதியரசர் நாயக்கும் வழக்கை ஆராய்ந்து, 1960ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் தேதி நானாவதியைக் கொலைக் குற்றவாளி எனக் கண்டு ஆயுட்காலத் தண்டனை விதித்தனர். 1961ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் சுப்பாராவ்.

சினமூட்டல் பற்றி அத்தீர்ப்புக் கூறிய விளக்கம் இன்றும் எடுத்தாளப்படுவது. ஒருவன் தன்னடக்கம் இழந்தானோ என்பதை, அவனுடைய சமூக நிலையில் உள்ள நியாயமான மனிதன் ஒருவன் அச்சூழலில் அங்ஙனம் இழப்பானோ என்னும் அளவுகோலால் அளத்தல் வேண்டும். சொல்லும் குறிப்பும்கூடச் சினமூட்டலாகலாம். முன் நிகழ்ந்தவை உள்ளத்தில் விளைத்த நிலையையும் கருதலாம். ஆயினும் உயிர்போக்கிய அடி அச்சினத்தின் வேகத்திற் பிறந்ததாதல் வேண்டும். காலம் கடந்து சினம் தணிந்து, திட்டமிடுதற்கு இடம் ஏற்பட்டபின் பிறந்ததாதல் ஆகாது. நானாவதி வீட்டை விட்டுப் புறப்பட்டபோது ஏறத்தாழப் பிற்பகல் ஒன்றரை மணி. சூடு நிகழ்ந்தது நான்கு மணி இருபது நிமிட அளவில். இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அவர் குடும்பத்தைப் படமாளிகையில் விட்டார், கப்பலுக்குச் சென்றார், காரணம் கற்பித்துத் துப்பாக்கி பெற்றார், தேடிச் சென்றார். இவையெல்லாம் தன்னை இழந்தவன் செயல்களாகத் தோன்றவில்லை என்பது நீதிமன்றத்தின் முடிபு.

பிழை எங்கே இருந்தது?

இனி, இவ்வழக்கைப் பற்றிய பேச்சுக்களிற் பெரிதும் மறக்கப்படும் ஒரு செய்தியைக் கூறுதல் தகும். தீர்ப்பு மாற்றப்பட்டவுடன், யூரர் அறிவிலிகள், கூட்டத்தின் கூச்சலுக்குப் பணிந்தவர்கள் என்னும் பழி பரவியது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் பெரிதும் ஆராய்ந்தது யூரரின் உள்ளத்தையன்று, யூரருக்குக் கூறப்பட்டதை. சான்றுகளைத் தொகுத்துச் சட்டத்தை விளக்கி யூரருக்கு நீதிபதி ஆற்றும் தொகுப்புரையிலே, பாரதூரமான பிழைகளும் விடுபாடுகளும் இருந்தன என்பதே அவற்றின் முடிபு.

அவற்றுள் ஒன்று சான்றுப் பொறுப்புப் பற்றியது. குற்றத்தை ஐயந்திரிபற நிறுவும் பொறுப்பு என்றும் வழக்குத்தொடுநருக்கே உரியது. எனினும், தன் செயல் விபத்து என்பது போன்ற விதிவிலக்கை நாடும் எதிரி, அவ்விலக்குக்கு வேண்டிய சூழ்நிலைகளைக் காட்டவேண்டும் என இந்தியச் சான்றுச் சட்டத்தின் 105ஆம் பிரிவு கூறிற்று. இந்நுட்பம் யூரருக்கு எடுத்துரைக்கப்படவில்லை. மற்றொன்று, விபத்து என்னும் விலக்குக்கு வேண்டிய கூறுகள் எவை என விளக்காமை. சினமூட்டல் பற்றிய சட்டமும் செவ்வனே உரைக்கப்படவில்லை. கட்டடத்தின் அளவுகோலைக் கொடுக்காது கொத்தனைக் குறைகூறுதல் முறையாகாது. யூரர் தவறியிருப்பின், அவர் கையிற் கொடுக்கப்பட்ட கோலே கோணியிருந்தது.

இங்கும் ஒரு முரண் உண்டு. தொகுப்புரையிற் பிழைத்தவரும், தீர்ப்பை ஏற்க மறுத்து மேல் மன்றத்துக்கு அனுப்பியவரும் ஒரே நீதிபதியே. அதனை அவர்க்கு இழுக்காகக் கொள்ளவேண்டுவதில்லை. தம் மன்றத்தில் நிகழ்ந்த ஒன்றைத் தம்மினும் உயர்ந்த மன்றம் ஆராயட்டும் என விடுத்ததனாலேயே அவர் பிழையும் வெளிப்பட்டது. ஊரின் ஆரவாரத்துக்கு எதிராக அங்ஙனம் செய்தற்கு உறுதி வேண்டும்.

ஆளுநர் ஆணையும் மன்னிப்பும்

ஊராரின் உணர்ச்சி யூரர் அறையோடு நின்றுவிடவில்லை. அரசின் மாளிகைவரை சென்றது. உயர் நீதிமன்றம் தண்டனை விதித்த அதே நாளில், உச்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து, நானாவதியைக் கடற்படைக் காவலிலேயே இருக்கவிடுமாறு பம்பாய் ஆளுநர் ஸ்ரீ பிரகாசா ஆணை பிறப்பித்தார். இவ்வதிகாரம் ஆளுநருக்கு உண்டோ என்பது தனி வழக்காயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கும் காலத்தில் அவ்வாணை செல்லாது என, 1960 செத்தெம்பரில் அம்மன்றத்தின் ஐவர் கொண்ட ஆயம் நால்வர் பெரும்பான்மையால் முடிவு செய்தது. ஒரு கொலை வழக்கு, நீதித்துறைக்கும் நிர்வாகத்துக்கும் இடையே உள்ள எல்லையைக் கேட்கும் அரசியலமைப்பு வழக்காக வளர்ந்தமை நோக்கற்பாலது.

இறுதியில் 1964ஆம் ஆண்டு மகாராட்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிதர் நானாவதிக்கு மன்னிப்பு வழங்கினார். அதற்கு இறந்தவரின் சகோதரி எழுத்துமூலம் இசைவு தந்தார். அதே காலத்தில், வேறொரு வழக்கில் தண்டனை பெற்ற சிந்தி வணிகர் பாய் பிரதாப்புக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. இருவகுப்பினர் மனமும் ஆறுதற்பொருட்டே இவை ஒருங்கு நிகழ்ந்தன என்பது பரவலான கருத்து. 1968ஆம் ஆண்டு நானாவதி குடும்பத்தோடு கனடா சென்று குடியேறினார். 2003ஆம் ஆண்டு அங்கே காலமானார்.

மன்னிப்பு வேறு, விடுதலைத் தீர்ப்பு வேறு என்பதை இங்கு உணர்தல் நன்று. மன்னிப்புக் குற்றத்தை மறுப்பதில்லை. அதனை ஒப்புக்கொண்டே தண்டனையைக் களைவது. ஊராரின் இரக்கத்துக்கு உரிய இடம் யூரரின் தீர்ப்பன்று, ஆளுநரின் அருளே என்று கொள்வோமாயின், ஐந்தாண்டு அலைச்சலுக்குப் பின் அவ்விரக்கம் தன் இடத்தைச் சென்றடைந்தது எனலாம்.

யூரி முறையின் பிற்காலம்

நானாவதி வழக்கே இந்தியாவின் இறுதி யூரி வழக்கு என்றும், அதனாலேயே அம்முறை ஒழிந்தது என்றும் பலர் கூறுவர். இரண்டும் பிழை. அகுஜா இறப்பதற்கு முன்னரே, 1958ஆம் ஆண்டில், இந்தியச் சட்ட ஆணைக்குழு தன் பதினான்காம் அறிக்கையில் யூரி முறையைக் கைவிடுமாறு பரிந்துரைத்திருந்தது. நானாவதி வழக்குக்குப் பின்னரும் சில இடங்களில் யூரர் விசாரணை தொடர்ந்து நிகழ்ந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைக் கோவை 1974 ஏப்பிரல் முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தபோதே அம்முறை முற்றாக நீங்கியது. ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருந்த மரத்தின்மேல் வீசிய பெருங்காற்று என இவ்வழக்கைக் கூறலாம். வேரைக் களைந்தது இதுவன்று.

இலங்கையில் நிலை வேறு. பிரித்தானியர் வழியே வந்த யூரி முறையை இலங்கைச் சட்டம் கைவிடவில்லை. இங்கு யூரர் எழுவர். அவருள் ஐவரேனும் ஒத்தால் தீர்ப்பாகும். தீர்ப்பை ஏலாத நீதிபதி அதனை மீண்டும் சிந்திக்குமாறு யூரரைப் பணிக்கலாம். மீளச் சிந்தித்தபின் அவர் கூறுவதே தீர்ப்பாகும். இம்முறை இன்றும் வெறும் ஏட்டுச் சட்டமன்று. யாழ்ப்பாணத்தின் முன்னாள் மேயரும் பாராளுமன்ற உறுப்பினருமாகிய நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் தேதி கொழும்பிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வழக்கில் எதிரிகள் ஐவரையும் சிங்களம் பேசும் யூரர் 2016 டிசம்பர் 24ஆம் தேதி விடுதலை செய்தனர். தமிழ் மக்களிடையே அது பெருந்துயரையும் கசப்பையும் விளைத்தது. பம்பாயிற் களிப்பு, இங்கே துயர். ஆயின் இரண்டிடத்தும் ஊர் கேட்ட வினா ஒன்றே: யூரர் ஏன் அங்ஙனம் கண்டனர்? இரண்டிடத்தும் யூரர் தம் வாயால் அதற்கு விடை கூறவில்லை. விடை கூறாத தீர்ப்பு, ஒருவரை ஒருவர் நம்பாத வகுப்புக்களிடையே விழும்போது, காரணத்தின் இடத்தை ஐயம் நிரப்பிவிடுகின்றது. நல்ல காரணங்களோடு எழுந்த தீர்ப்பாயினும் அக்காரணங்கள் வெளிப்படாதவிடத்து, துயருற்றோரை அது தேற்றும் ஆற்றலற்றதாகின்றது.

முடிவுரை

யூரி முறைக்கு ஆதரவாகக் கூறத்தக்கன பல உள. ஒருவனின் உயிரையும் உரிமையையும் பற்றி, அரசின் ஊதியம் பெறும் ஒருவர் தனித்து முடிவு செய்யாது, அவனையொத்த குடிமக்கள் கூடி முடிவு செய்தல் மேன்மையுடைத்து. எண்மரோ எழுவரோ ஒருங்கிருந்து ஆராயும்போது ஒருவர் காணாததை மற்றவர் காண்பர். கொடுங்கோல் அரசு பழிசுமத்தும்போது அதற்குத் தடையாக நின்ற பெருமையும் யூரருக்கு உண்டு. எனவே நானாவதி வழக்கொன்றை மட்டும் கொண்டு அம்முறையைத் தூற்றுதல் பொருந்தாது. சட்டம் திருத்தமாக எடுத்துரைக்கப்பட்டிருப்பின் அதே யூரர் என்ன செய்திருப்பர் என்பதை எவரும் அறியார்.

அவ்வழக்குப் போதிக்கும் பாடம் யூரர்க்கன்று, ஊரார்க்கே உரியது. தீர்ப்பொன்றைக் கேட்டவுடன் களிப்போரும் வெகுள்வோரும் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டல் தகும். மன்றத்தின் முன் நின்ற வினா யாது? அதற்குச் சான்றாக வந்தவை எவை? ஆராய்வோர் கையிற் கொடுக்கப்பட்ட சட்டம் எவ்வாறு உரைக்கப்பட்டது? இவற்றை அறியாது எழும் கொண்டாட்டமும் கண்டனமும், வழக்கைப் பற்றியனவல்ல. கொண்டாடுவோரையும் கண்டிப்போரையும் பற்றியனவே.

ஒன்று எஞ்சியுள்ளது. நானாவதிக்குப் பத்திரிகை இருந்தது, கூட்டம் இருந்தது, கடற்படைச் சீருடையும் நற்பெயரும் இருந்தன. அகுஜாவின் ஒழுக்கத்தை எத்துணையும் பழிக்கலாம். அப்பழிக்கு மரணதண்டனை எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. கதவுக்குப் பின்னால் நிகழ்ந்ததைத் தன் வாயாற் கூற அவர் மீண்டு வரவில்லை. ஊரில் அவருக்காகப் பேசியோர் சிலர் இருந்தனர். அவர் குரலோ ஆரவாரத்தில் அமிழ்ந்தது. கூட்டமற்றவனுக்கும் கேள்வி உண்டு என்பதற்காகவே நீதிமன்றம் என ஒன்று அமைந்துள்ளது. மாண்ட கோவலனுக்காக ஒரு சிலம்பு பேசியது. அகுஜாவுக்காக, அவிழாத துவாயும் கடிகாரம் காட்டிய மூன்று மணி நேரமும் பேசின. அவற்றைக் கேட்கும் செவி, தெருவில் இருந்ததிலும் மன்றத்திலேதான் மிகுதியாக இருந்தது.